விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? டிடிபி கடை நடத்தும் சகோதரிக்குப் பதில்

கேள்வி: மன்னார்குடி பக்கம் சின்னதாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் சார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், இதுதான் வேலை. எனக்குத் தெரிந்தது பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் தமிழ் அடிக்கும் பாமினி ஃபாண்டும்தான். கம்ப்யூட்டர் ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. பிரிண்டர் கேனான் எல்பிபி 2900. இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போட முடியாது என்று அதுவே சொல்கிறது. போன முகூர்த்த சமயத்தில் வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அப்டேட் என்று தானாக அணைந்து உயிரை வாங்கிவிட்டது. அதிலிருந்து விண்டோஸ் என்றாலே வெறுப்பாக இருக்கிறது. பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடு என்கிறான். கொழுந்தனார் சிங்கப்பூரில் தான் வைத்திருந்த மேக்புக்கைக் கொடுத்துவிட்டுப் போனார், அதைத் திறந்தால் எதுவும் புரியாமல் அழுகைதான் வருகிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார். நான் எதற்குப் போகட்டும்? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடையில் பத்திரிகை அடிக்கும் கம்ப்யூட்டரில் இப்போதைக்கு விண்டோஸையே வைத்துக்கொள்ளுங்கள். மேக்புக்கைக் கடை வேலைக்குக் கொண்டுவர வேண்டாம். பையன் சொல்லும் லினக்ஸுக்கும் உங்களிடம் இடம் இருக்கிறது, ஆனால் அந்த மேசையில் இல்லை. புதுக் கம்ப்யூட்டரை இந்த மாதமே வாங்கியாக வேண்டும் என்றும் இல்லை.

உங்கள் கோபம் நியாயமானது. முகூர்த்த நாள் நெருங்கும்போது, பெண் வீட்டார் பெஞ்சில் உட்கார்ந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, திரை நீலமாகி "கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்" என்று சதவீதம் ஓடினால் யாருக்கும் எரிச்சல் வரும். உங்கள் கம்ப்யூட்டர் எப்போது அணையலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு வழி உள்ளேயே இருக்கிறது, யாரும் உங்களுக்குக் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போனால் "ஆக்டிவ் ஹவர்ஸ்" என்று ஒன்று இருக்கும். அதில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் குறித்து வைத்தால் அந்த நேரத்துக்குள் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. ஒரு நாளில் 18 மணி நேரம் வரை குறிக்கலாம், ஆகவே காலை 6 முதல் இரவு 12 வரை போட்டுவிடுங்கள். முகூர்த்த சீசன் வந்துவிட்டால் அதே பக்கத்தில் அப்டேட்டையே 35 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். சீசன் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே உட்கார்ந்து எல்லா அப்டேட்டையும் போட்டு முடித்துவிடுங்கள். அப்டேட்டை ஒரேயடியாக முடக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஊர்ப்பட்ட பேருடைய பென்டிரைவ் வந்து போகிற கடை உங்களுடையது.

அடுத்தது விண்டோஸ் 10. 2015இல் வந்த அதற்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இனி அடைக்க மாட்டார்கள் என்று அர்த்தம். ஆனால் வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் நீட்டிக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 22எச்2 என்ற கடைசிப் பதிப்பில் இருந்தால் அதே அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொள்ளும் இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்து செட்டிங்ஸை அதில் ஒத்திசைத்து வைத்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. இதைச் செய்தால் யோசித்து முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும்.

11 ஏன் ஏறவில்லை என்று கேட்டால், உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். உங்களுடையது ஆறாம் தலைமுறை, கோட்டுக்கு வெளியே நிற்கிறது. பேஜ்மேக்கருக்கு ஐ5உம் 8 ஜிபியும் தாராளம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற லட்சக்கணக்கான இயந்திரங்களை இப்படி ஒரு கோட்டைப் போட்டு வெளியே தள்ளியது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத விஷயம், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சோதனையைத் தாண்டி 11ஐப் போட்டுத் தருகிறேன் என்று சில சர்வீஸ்காரர்கள் சொல்வார்கள். போட முடியும், ஓடவும் செய்யும், ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. வீட்டில் படம் பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால் சரி, போட்டுப் பாருங்கள் என்பேன். பிழைப்பு ஓடுகிற கம்ப்யூட்டரில் வேண்டாம். அதோடு லைசென்ஸ் இல்லாமல் கிராக் போட்டுத் தருகிறவரிடம் தயவு செய்து போகாதீர்கள். அந்தக் கிராக் ஃபைலோடு சேர்ந்து என்னென்ன உள்ளே வருகிறது என்று போட்டுக் கொடுப்பவருக்கே தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களை ஒரே இடத்தில் கட்டிப் போட்டிருப்பது பாமினியும் பேஜ்மேக்கரும்தான். விண்டோஸ் உங்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அதைவிட்டு எங்கேயும் போக முடியவில்லை, காரணம் இந்த இரண்டும்.

பாமினியில் "அம்மா" என்று அடிக்கும்போது கம்ப்யூட்டர் உண்மையில் என்ன சேமித்து வைக்கிறது தெரியுமா? எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளை. அந்த எம்முக்கு அகரத்தின் படத்தையும், கேவுக்கு மகரத்தின் படத்தையும், அரைப்புள்ளிக்கு மேலே வைக்கும் புள்ளியையும் பாமினி ஃபாண்ட் மாட்டி விடுகிறது. ஃபாண்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அர்த்தமில்லாத ஆங்கிலம். வாட்ஸப்பில் அனுப்பினால் எதிரில் இருப்பவருக்குக் குப்பையாகப் போய்ச் சேர்வது இதனால்தான். நாலு வருடத்துக்கு முன்னால் அடித்த ஒரு கோயில் நோட்டீஸை ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் கம்ப்யூட்டருக்குக் கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

எல்லா மொழி எழுத்துக்கும் எங்கேயும் ஒரே குறியீடு தரும் யூனிகோடில் அப்படி இல்லை. அங்கே அகரம் என்றால் அகரம்தான், விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் உங்கள் ஃபோனிலும் ஒன்றுதான். சிக்கல் எங்கே என்றால், பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல், அப்புறம் சில வருடத்தில் அடோபி அதை அப்படியே கைவிட்டுவிட்டது. அந்தப் பழைய சாஃப்ட்வேர் இன்றைக்கும் உங்கள் விண்டோஸ் 10இல் ஓடுகிறது என்பது சாதாரணமான விஷயமில்லை. பழையதை ஓட வைப்பதற்கு விண்டோஸ் காட்டும் அக்கறையை வேறு யாரும் காட்டுவதில்லை. ஆப்பிள் 2019இல் கேட்டலினா பதிப்பைக் கொண்டுவந்தபோது 32 பிட் என்ற பழைய முறை சாஃப்ட்வேர் அத்தனையையும் ஒரே நாளில் நிறுத்தியது. விண்டோஸை எவ்வளவு திட்டினாலும் இந்த ஒரு விஷயத்துக்காக நான் அதற்கு மரியாதை கொடுப்பேன். உங்களைப் போன்ற கடைகள் இத்தனை காலம் ஓடியதே அதனால்தான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது பாமினியிலிருந்து மெதுவாக வெளியே வருவது. விரல் பழக்கத்தை மாற்ற வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். சென்னையில் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினி விசைப்பலகையும் இருக்கிறது. விரல்கள் பழையபடியே அடிக்கும், திரையில் விழுவது யூனிகோடாக இருக்கும். பிறகு நேரம் கிடைத்தால் தமிழ் 99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான முறை அது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் உள்ளேயே வருகிறது, எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் எதையும் நிறுவாமல் தமிழ் அடிக்கலாம்.

பழைய ஃபைல்களை மாற்ற அதே நிறுவனத்தின் என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது. பாமினி எழுத்தை ஒட்டினால் யூனிகோடாக மாற்றித் தரும். ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். மணமகன் பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.ஏ. என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பீர்கள் இல்லையா, கன்வர்ட்டருக்கு அது ஆங்கிலம் என்று தெரியாது, அதையும் பாமினி என்று நினைத்துச் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்தாக மாற்றிவிடும். மின்னஞ்சல் முகவரிக்கும் இதே கதிதான். மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றும் இல்லை. அடிக்கடி திரும்ப வரும் மாதிரிகளை மட்டும், அதாவது திருமண அழைப்பு, புதுமனை புகுவிழா, காதணி விழா, பதினாறாம் நாள் காரியம், இவற்றை மாற்றுங்கள். மற்ற பழையதையெல்லாம் பேஜ்மேக்கர் ஓடும்போதே பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடுங்கள். இதை நாளைக்கு என்று தள்ளிப் போட வேண்டாம். பேஜ்மேக்கர் ஃபைலை, அடோபியின் புதிய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் பழைய பதிப்புகள் திறந்தன, இப்போது வருகிறவை திறப்பதில்லை. கதவு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகிறது.

பேஜ்மேக்கருக்குப் பதில் என்ன? கேள்வித்தாளுக்கும் நோட்டீஸுக்கும் லிப்ரே ஆஃபிஸ் போதும், இலவசம், யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டும், மூன்று அமைப்பிலும் ஓடும். பத்திரிகை வேலைக்கு இன்டிசைன் வாங்க முடிந்தால் நல்லது. அதில் பத்தி அமைப்பில் "வேர்ல்ட் ரெடி கம்போசர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் "கொ" என்று அடித்தால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், இன்டிசைனில் தமிழ் வராது என்று நிறையப் பேர் சொல்லிக்கொண்டு திரிவது இந்த ஒரு செட்டிங்கைத் தொடாததால்தான். இன்டிசைனுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், அது கட்டுப்படியாகவில்லை என்றால் ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளைப் பையனை விட்டு நிறுவச் சொல்லிப் பாருங்கள்.

மேக்புக் விஷயம். உங்கள் கொழுந்தனார் நல்ல மனதோடு கொடுத்திருக்கிறார், அது நல்ல கம்ப்யூட்டரும்கூட. திரையும் பேட்டரியும் அருமையாக இருக்கும். ஆனால் விண்டோஸ் பழகிய கைக்கு அது முதலில் எரிச்சல்தான் தரும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஜன்னல் மூடும், புரோகிராம் மூடாது. ஃபைலைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் திறக்காமல் பெயரை மாற்றவா என்று நிற்கும். ஃபைலைக் கட் செய்ய வழியைக் காணோம் என்று தேடுவீர்கள், அங்கே காப்பி செய்துவிட்டு ஒட்டும்போது கமாண்ட், ஆப்ஷன், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால்தான் இடம் மாறும். இதெல்லாம் பழகினால் சரியாகிவிடும், இதற்காக அழ வேண்டாம். கடைக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் வேறு. பேஜ்மேக்கர் அதில் ஓடாது. அப்புறம் வாடிக்கையாளர் கொண்டுவரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறையில் இருக்கும், மேக் அதைப் படிக்கும், ஆனால் அதில் எதையும் எழுத விடாது. "முடித்ததை இதிலேயே போட்டுக் கொடுங்கள் அக்கா" என்று ஒருவர் நீட்டினால் நீங்கள் விழிக்க வேண்டியிருக்கும். அது எந்த வருட மாடல் என்று பாருங்கள். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறத் தொடங்கியது. எம்1 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இன்னும் பல காலம் ஓடும், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பையனுக்கு ஆகும். இன்டெல் சிப் என்றால் ஆப்பிள் இன்டெல்லுக்குத் தரும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26தான், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு வருகிறேன். அவன் சொல்வது தவறில்லை. நானே வீட்டில் லினக்ஸ்தான் பயன்படுத்துகிறேன், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அப்டேட் வந்திருக்கிறது என்று சொல்லும், எப்போது போடுவது என்பதை என்னிடம் விட்டுவிடும். விளம்பரம் இல்லை, கணக்கு தொடங்கு என்று தொந்தரவு இல்லை, பழைய கம்ப்யூட்டரை இது பழசு என்று ஒதுக்குவதும் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக உங்கள் கடையில் அதைப் போடச் சொன்னால் அது ஆலோசனை ஆகாது. உங்கள் பிரிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்பிபி 2900 தமிழ்நாட்டில் ஜெராக்ஸ் கடைக்குக் கடை இருக்கிறது, உழைக்கிற பிரிண்டர். அது கேப்ட் என்ற கேனானின் தனி முறையில்தான் வேலை செய்யும், பக்கத்தை உருவாக்கும் வேலையின் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவர் செய்தாக வேண்டும். விண்டோஸில் அது சுலபம். லினக்ஸில் அந்த டிரைவரைப் பிடித்து நிறுவி ஓட வைப்பது நன்றாகத் தெரிந்தவர்களுக்கே தலைவலி, ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி நின்றுபோனால் அன்றைக்குப் பையன் ஹாஸ்டலில் இருப்பான், நீங்கள் கடையில் இருப்பீர்கள். கணக்குக்கு டாலி வைத்திருந்தாலும், ஜிஎஸ்டி வேலைக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகினாலும், இதே சங்கடம்தான். இதெல்லாம் லினக்ஸின் குற்றம் என்று நான் சொல்லவில்லை, பொருளைச் செய்கிற நிறுவனங்கள் அதற்கென்று மெனக்கெடுவதில்லை. ஆனால் பத்திரிகைக்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு யார் குற்றமாக இருந்தால் என்ன?

அதனால் பையனிடம் இப்படிச் சொல்லுங்கள். வீட்டிலோ கடையிலோ மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதில் லினக்ஸ் மின்ட் போடட்டும். ஐந்நூறு வகை லினக்ஸை வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டாம், மின்ட் ஒன்று போதும், தொடக்கப் பட்டியும் கடிகாரமும் விண்டோஸில் இருந்த இடத்திலேயே இருக்கும், உங்களுக்கும் மிரட்சி வராது. இயந்திரம் மிகவும் பழையது என்றால் அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுக்கட்டும். மின்டின் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. நிறுவுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும், ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் மாறாது, ஆகவே உங்கள் கடைக் கம்ப்யூட்டரில்கூட ஒரு ஞாயிறன்று அப்படி ஓட்டி எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம். முழுதாக நிறுவும் பொத்தானை மட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் அழுத்த வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரை இணையத்துக்கென்றே வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளருக்கு ஆன்லைன் விண்ணப்பம் நிரப்புவது, மார்க் ஷீட் எடுத்துக் கொடுப்பது, வாட்ஸப் வெப்பில் வரும் படங்களை இறக்குவது, தெரியாத பென்டிரைவை முதலில் செருகிப் பார்ப்பது எல்லாம் அதில் நடக்கட்டும். விண்டோஸுக்கென்று எழுதிய வைரஸ் அங்கே ஓடாது. பேஜ்மேக்கர் கம்ப்யூட்டரை, நீங்களே அப்டேட் போடும் நாள் தவிர மற்ற நாளில் இணையத்திலிருந்து கழற்றிவிடலாம், இணைப்பே இல்லாத கம்ப்யூட்டரில் அப்டேட் வந்து வேலையைக் கெடுக்கவும் வழியில்லை. நீட்டிப்புக் காலம் முடிந்தபிறகும் அதை இப்படியே வைத்துப் பேஜ்மேக்கர் வேலை பார்க்கலாம், ஆனால் அதில் வேறு எதையும் செய்யக் கூடாது.

புதுக் கம்ப்யூட்டருக்குப் பணம் சேர்த்தால் இன்டிசைன் வாங்கும் சமயத்தில் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். அப்போது விண்டோஸ் 11உடனேயே வரும். தொடக்கப் பட்டி நடுவில் இருக்கும், செட்டிங்ஸில் இடது ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். வலது கிளிக் செய்தால் பாதி விஷயம் மறைந்திருக்கும், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் பழையபடி முழுதாக வரும். டெஸ்க்டாப்பை ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பில் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான், பத்திரிகைப் படங்களிலேயே அது நிரம்பிவிடும், அப்புறம் பணம் கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரம் ஒருமுறை எல்லா ஃபைலையும் அதில் எடுத்து வையுங்கள். எடுத்து முடித்ததும் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைத்திருந்தால் வைரஸ் வரும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

ஸ்கேனர் எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்தோடு சேர்ந்ததா, தனியா என்பதையும் எழுதி அனுப்புங்கள். லினக்ஸ் கம்ப்யூட்டரில் அதை மாட்ட முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.